நாலு மூட்டை மிச்சம்

டெப்போவில் இருந்த நானூறு குடும்பங்களில் பாதிப் பேர் அளவுக்காரரை ஏற்கெனவே அறிந்தவர்கள். அறிந்தவர்கள் என்றால், திட்டியவர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சண்டை மூளும் வரை அவர்களுடைய ஊர்க் கூப்பன் கடையில் அவர்தான் அரிசி அளந்து கொடுத்தார். இருபத்தாறு வருடம். கடையில் தராசு இருந்தது. அது இருபத்தாறு வருடமும் ரிப்பேரில் இருந்தது.

அதனால், நிவாரண அமைப்பின் அதிகாரி மெகாபோனைப் பிடித்துக்கொண்டு, "பொருள் பிரிச்சுக் கொடுத்து அனுபவம் உள்ளவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டு, அளவுக்காரர் கையைத் தூக்கியதும், கூட்டம் சிரித்தது. அதிகாரி அதை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டார்.

அதிகாரிக்கு அங்கே பாக்கெட் சார் என்று பெயர். அந்த வெயிலிலும் பதினோரு பாக்கெட் வைத்த மேல்சட்டையைக் கழற்றமாட்டார். பேனா தேவைப்பட்டால் பதினொன்றையும் தட்டிப் பார்ப்பார். கடைசியில் யாராவது ஒரு பேனா கொடுப்பார்கள். அது பன்னிரண்டாவது பேனாவாக உள்ளே போய்விடும்.

சிரித்தவர்களில் ஒருவராவது எழுந்து விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், "அப்ப நீங்க அளங்க" என்று டின்னைக் கையில் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். நூறு மூட்டை அரிசியை நாள் முழுவதும் குனிந்து அளக்க யாருக்கும் இடுப்பு இல்லை. குறை சொல்வதற்கு மட்டும் எல்லோருக்கும் வாய் இருந்தது.

அது பஸ் டெப்போ. பஸ்களை ராணுவம் எடுத்துப் போய்விட்டது. பஸ் நிற்கும் இடங்களில் மஞ்சள் பெயின்டில் நம்பர் போட்டிருந்தது. அந்த நம்பரே இப்போது வீட்டு விலாசம். கயிறு கட்டி, போர்வை தொங்கவிட்டு, ஒரு பஸ் இடத்தில் நான்கு குடும்பம். தரையில் என்ன கழுவினாலும் போகாத ஆயில் கறை. தகரக் கூரை பத்து மணிக்கே கொதிக்க ஆரம்பிக்கும். டயர் வைத்திருந்த அறைதான் கிடங்கு. அதனால் எங்கள் அரிசி கடைசி வரைக்கும் ரப்பர் வாசனை அடித்தது.

தண்ணீர்த் தொட்டியில் குளோரின் சரியாக இருக்கிறதா என்று நாளைக்கு மூன்று தடவை பார்த்து எழுதுவது என் வேலை. தொட்டி டயர் ரூமுக்கு நேர் எதிரே இருந்தது. பக்கத்தில் பதினேழாம் நம்பர். அளவுக்காரரின் குடும்பம் அங்கேதான். நடுவில் ஒரு போர்வை. போர்வை பார்வையை மறைக்கும், பேச்சை மறைக்காது.

மின்சாரத் தராசு லாரியில் வந்தது. பேட்டரி வேறொரு லாரியில் வேறொரு ஊருக்குப் போய்விட்டது. "டின் இருக்கே சார்" என்றார் அளவுக்காரர், காத்திருந்தவர் மாதிரி. எண்ணெய் வந்த டின்களை எல்லாரும் வாயை வெட்டித் தண்ணீர் மொள்ள வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே அளவு. மூட்டைக்கு நாற்பத்தெட்டு டின். குடும்பத்துக்குப் பன்னிரண்டு. நூறு மூட்டை, நானூறு குடும்பம். பாக்கெட் சார் மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்து, சரியாக வருவதில் மகிழ்ந்து போனார்.

திங்கட்கிழமை அளந்தார்கள். அந்த மனிதர் வேலை செய்வதைப் பார்க்கத்தான் வேண்டும். லுங்கியை மடித்துக் கட்டி, முழங்காலில் சாக்கைச் சுற்றி, மூட்டைக்கு முன் உட்கார்ந்தார். டின் உள்ளே போகும், வரும், இடது கை மேலே ஒரு தடவை வழிக்கும், பைக்குள் கொட்டும். "ஒண்ணு. ரெண்டு. மூணு." குரல் ஒரே சீர். பன்னிரண்டு டின்னுக்கு அரை நிமிஷம். ஒரு அரிசி தரையில் விழவில்லை. பேச்சுக் கொடுத்தாலும் எண்ணிக்கை தவறாது.

பதினெட்டாம் நம்பர் பேக்கரிக்காரி, ஊரில் பன் சுட்டு விற்றவள், பையை விரித்துப் பிடித்தபடி கேட்டாள்: "அண்ணே, விரல் சுகமா?"

"நாலு."

"ஊர்ல விட்டுட்டு வந்துட்டீங்களோன்னு பார்த்தேன். கூடவே கூட்டிட்டு வந்துட்டீங்க."

"அஞ்சு. பையை நேரா பிடி."

டின்னை மூட்டைக்குள் விட்டு எடுக்கும்போது வலது கையின் நான்கு விரல் வெளியே இருக்கும். கட்டைவிரல் அடி வரைக்கும் உள்ளே. மேலே வழிக்கும் உள்ளங்கை கொஞ்சம் குழிந்திருக்கும். டின் பையின் பக்கம் சரியும்போது விரல் வெளியே வந்துவிடும். எனக்குப் பத்தடி தூரத்தில் நடந்தது. ஒரு பாத்திரத்தில் எதை முக்கினாலும் அது தன் அளவுக்கு இடம் எடுத்துக்கொள்ளும் என்பதைத்தான் கல்லூரியில் பாட்டிலும் தண்ணீரும் வைத்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் சோதனைக் குழாயைக் குலுக்கி, நிறம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் போய் எதையும் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நானும் சிரித்த கூட்டத்தில் ஒருத்திதான், சத்தம் வராமல்.

மாலை நான்கு மணிக்கு நானூறு கையெழுத்தும் விழுந்துவிட்டது. டயர் ரூமில் நாலு மூட்டை மிச்சம் இருந்தது.

அளவுக்காரருக்கே ஆச்சரியம். கூப்பன் கடையில் மிச்சம் சாயங்காலத்துக்குள் பின்வாசல் வழியாகப் போய்விடும். எவ்வளவு மிஞ்சுகிறது என்று அவர் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. டயர் ரூமுக்குப் பின்வாசல் கிடையாது. திருடியதை என்ன செய்வது என்று தெரியாமல், பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் பாக்கெட் சார் வந்து எண்ணினார்.

"எல்லாருக்கும் கொடுத்தாச்சா?"

"கொடுத்தாச்சு சார். ஒருத்தரை விடல."

"அப்புறமும் நாலு மூட்டையா?"

"கை சுத்தமா இருந்தா மிஞ்சும் சார்" என்றார் அளவுக்காரர். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. அவர் அதை நம்பினார் என்றே நினைக்கிறேன்.

மூட்டைகளுக்கு நடுவில் அவரை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார்களாம். அன்று முழுவதும் அவர் சட்டைப் பித்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு நடந்தார்.

புதன்கிழமை காலை டிக்கெட் கவுன்டர் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டினார்கள். நாலு மூட்டை மிச்சம் என்றால் பதினாறு குடும்பத்துக்கான அரிசி. பதினாறு குடும்பத்துக்கான அரிசி மிஞ்சுகிறது என்றால் பதினாறு குடும்பம் இல்லவே இல்லை. யாரோ இரண்டு தடவை பதிந்திருக்கிறார்கள். எனவே கடைசியாக வந்து பதிந்த பதினாறு குடும்பங்களின் நிவாரண அட்டைகள் ரத்து. தற்காலிகப் பட்டியல், சனிக்கிழமை உறுதி செய்யப்படும். பாக்கெட் சாருடைய கணக்கில் எங்கும் தப்பு இல்லை. அந்தப் பதினாறு குடும்பங்களும் அந்தத் தாளுக்கு முன்னால் நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தன என்பதைத் தவிர.

பதினாறில் ஒன்று, அட்டை நம்பர் முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்று, அளவுக்காரரின் மகள்.

அவள் எட்டு மாத கர்ப்பம். புருஷன் மின்வாரிய லைன்மேன். கம்பி அறுந்த இடமெல்லாம் கட்ட ஆள் வேண்டும் என்று அவனை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். மூன்று வயசுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு நாள் நடந்து, ஏறக்குறைய எல்லாருக்கும் கடைசியில் வந்து சேர்ந்தாள். கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. செவ்வாய்தோறும் மருத்துவ வேன் வரும். நர்ஸ் அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "இது இங்க வெச்சுப் பார்க்கற பிரசவம் இல்லம்மா. அடுத்த செவ்வாய் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தர்றேன், அட்டையைக் கொண்டு வா" என்று சொல்லியிருந்தாள். அட்டை இல்லாதவர்கள் அந்த வேனின் படியில்கூட உட்கார முடியாது.

அளவுக்காரரின் மனைவி காலிச் சாக்குகளைப் பிரித்துக் கோணி ஊசியால் தடுப்பு தைத்துக்கொண்டிருந்தாள். மகள் வந்து சொன்னதும் ஊசியைச் சாக்கிலேயே குத்தி வைத்தாள்.

"அட்டை போச்சுன்னா சாப்பாடு எத்தனை நாளைக்கு ஓடும்னு பார்ப்போம்" என்றாள். "உன் பை பிரிக்கவே இல்லையே?"

"எங்க பிரிச்சேன்? உன் அடுப்புலதானே சாப்பிடறேன்."

ஒரு டின்னை எடுத்து வந்து மகளின் பையைச் சாக்கின் மேல் அளந்து கொட்டினாள். நான் கேட்டது எண்ணிக்கை மட்டும். பதினொன்று வரைக்கும் வந்தது. அதற்கப்புறம் சத்தம் இல்லை. மறுபடி முதலிலிருந்து அளந்தாள். இந்தத் தடவை மெதுவாக. மறுபடியும் பதினொன்று.

"என்னம்மா?"

"கீழே கிடக்கறது எவ்வளவு இருக்கும், பாரு."

"அரை டின் இருக்கும்."

"பன்னெண்டுன்னு கையெழுத்து போட்டியா இல்லையா?"

"போட்டேன். அப்பாதான் அளந்தாரு. பன்னெண்டுன்னு எண்ணினாரே."

 அம்மா சிரித்தாள். நான் அதுவரை கேட்டிராத, கேட்கவும் விரும்பாத சிரிப்பு.

அளவுக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். அவர் நுழைந்ததில் நடுவில் இருந்த போர்வை ஒரு சாண் விலகி நின்றது. தட்டு வைக்கப்படவில்லை.

"பார்த்தேன், பட்டியலைப் பார்த்தேன்" என்று ஆரம்பித்தார். "நான் சார்கிட்ட பேசறேன். நம்ம மேல அவருக்கு ஒரு மரியாதை இருக்கு. பதினஞ்சுன்னு மாத்திக்கச் சொல்றேன்."

"மத்த பதினஞ்சு?"

"மத்தவங்க அவங்கவங்க பார்த்துக்குவாங்க."

"உட்காருங்க. இந்தப் பையை அளங்க."

"எதுக்கு?"

"அளங்க சொல்றேன்."

அளந்தார். "ஒண்ணு, ரெண்டு" என்று அதே சீரான குரல். பன்னிரண்டு என்று முடித்து, டின்னைக் கவிழ்த்து வைத்தார். "சரியாத்தானே இருக்கு?"

"இப்ப நான் அளக்கறேன், பாருங்க."

அவள் அளந்தாள். பதினொன்றரை. அவர் கீழே கிடந்த அரிசியை வேறு யாரோ கொண்டுவந்து போட்டது மாதிரிப் பார்த்தார்.

"உன் கை கொஞ்சம் தாராளம்" என்றார்.

"ஏங்க, நான் கேட்கறேன், ஊரானுக்குக் குறைச்சீங்க, சரி. இருபத்தாறு வருஷம் குறைச்சீங்க. பின்வாசல்ல வித்தீங்க. அதுல நானும் சாப்பிட்டேன், இல்லைன்னு சொல்லல. வாசல்ல வந்து பொம்பளைங்க மண்ணை வாரித் தூத்தினப்ப கதவைச் சாத்திக்கிட்டு உள்ளதான் இருந்தேன். சொந்தப் பொண்ணுக்குமா?"

"நான் வேணும்னு செய்யல."

"தெரிஞ்சு செஞ்சிருந்தா அவளுக்காவது ஒழுங்கா அளந்திருப்பீங்களே! திருடறதுக்குக்கூட ஒரு ஆள் வேணும். இங்க ஆளே இல்ல, விரல் மட்டும் இருக்கு."

"எனக்கே தெரியாதுங்கறேன். கை அப்படியே பழகிடுச்சு. நடக்கறப்ப கை வீசறோமே, அந்த மாதிரி."

"வீசின கைதான் பதினாறு பேரை வெளிய தள்ளியிருக்கு."

மகள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டின்னில் போட்டது. டிங், டிங் என்று கேட்டது.

"அப்பா, இப்ப என்னதான் செய்யறது?"

"நீ ஏம்மா கவலைப்படற? சாவி என்கிட்ட இருக்கு. நான் அளக்கற வரைக்கும் உனக்கு அரிசி குறையாது."

"எப்படி? மறுபடி நானூறு பேர்கிட்ட விரலை விட்டா?" என்றாள் அம்மா. "அரிசி தருவீங்க. பிரசவம் பார்ப்பீங்களா? ரத்த அழுத்தத்துக்கு டின் வெச்சு அளப்பீங்களா?"

"போய்ச் சொன்னா என் மானம் போயிடும்டி."

போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேக்கரிக்காரியின் குரல் வந்தது. "அது நம்ம ஊர்லயே தங்கிடுச்சு அண்ணே. ஆத்தைத் தாண்டல."

மறுநாள் மகளின் பையையும் டின்னையும் தூக்கிக்கொண்டு மனைவியே டிக்கெட் கவுன்டருக்குப் போனாள். பின்னால் அளவுக்காரர், நான்கடி தள்ளி, இவர்கள் யாரென்று தெரியாதவர் போல. நான் தண்ணீர்க் கணக்குத் தாளைக் கொடுக்கப் போயிருந்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அது எனக்குப் பழக்கம்.

பையை மேசைமேல் வைத்தாள். "அளந்து பாருங்க சார். பன்னெண்டு இருக்காது."

பாக்கெட் சார் அளக்கவில்லை. பையைத் தொடவே இல்லை. "நீங்க சொல்றது என்னன்னு உங்களுக்குப் புரியுதாம்மா?"

"எங்க வீட்டுக்காரர் குறைச்சு அளந்துட்டார்னு சொல்றேன். இதுல புரியறதுக்கு என்ன இருக்கு? நாலு மூட்டையும் எல்லாரோடதுதான். பதினாறு குடும்பம் பொய்யில்ல."

"அப்படின்னா அது திருட்டு."

"திருட்டுன்னா எடுத்துட்டுப் போகணும். இந்த மனுஷன் எங்க எடுத்துட்டுப் போனாரு? உங்க ரூம்ல, உங்க பூட்டுல அப்படியே கிடக்கு."

"கிடக்கட்டும். ஆனா நான் திருட்டுன்னு எழுதினா விசாரணை வரும். விசாரணை முடியற வரைக்கும் லாரி வராது. நானூறு குடும்பத்துக்கும் வராது."

"எழுதலைன்னா?"

"எழுதலைன்னா பதினாறு குடும்பத்துக்கு மட்டும் வராது." இதைத் தள்ளுபடி கொடுப்பவர் குரலில் சொன்னார். பிறகு முகம் வாடியது. "போட்டோ வேற போயிடுச்சும்மா. முன்மாதிரி விநியோகம்னு தலைப்பு போட்டு அனுப்பியாச்சு. மேல இருந்து பாராட்டி பதில் வந்திருக்கு."

அளவுக்காரர் பின்னாலிருந்து, "வந்துடுச்சா சார்?" என்றார்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். அவர் பித்தானைச் சரிசெய்வதை நிறுத்திக்கொண்டார்.

பாக்கெட் சார் பேனா தேடினார். தேடிக்கொண்டே, கூரையைப் பார்த்துப் பேசினார்: "சனிக்கிழமை இருப்பு எண்ணி மேல அனுப்பணும். அன்னைக்கு ரூம்ல மிச்சம்னு ஒண்ணு இல்லைன்னா, அட்டையைக் குறைக்கக் காரணமும் இல்ல. வெள்ளிக்கிழமை நான் இந்தப் பக்கமே வர மாட்டேன். சாவி யார்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும். ரூம்ல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது."

அவ்வளவு படித்தவர், அவ்வளவு பாக்கெட் வைத்தவர், ஒரு டின் அரிசியை அளந்து பார்க்கப் பயந்தார். ஆனால் வழி சொன்னது அவர்தான். அதைத் தனக்கு ஒட்டாமல் சொன்னார்.

அன்று சாயங்காலம் அளவுக்காரரின் மனைவி தண்ணீருக்கு வந்தபோது குடத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ படிச்ச பொண்ணு. நாலு மூட்டையைக் குடும்பத்துக்கு அரை டின்னாப் போட்டா சரியா வருமா?"

நான் முன்பே போட்டு வைத்திருந்தேன். "எட்டு டின் குறையும்கா."

"எட்டு டின்னுன்னா எத்தனை பேருக்கு?"

"பதினாறு பேருக்கு."

"அந்தப் பதினாறு விட மாட்டேங்குதே!" என்றாள். குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பரவாயில்ல. என் பொண்ணு பையில பதினொன்னரை இருக்கு. எட்டு போனாலும் மூணரை மிஞ்சும். அட்டை இருந்தா அடுத்த லாரி வரைக்கும் தாக்குப் பிடிச்சுடலாம்." பிறகு, குடத்தைத் தூக்கிக்கொண்டே, "நீ இங்கதானே உட்கார்ந்திருந்த, திங்கக்கிழமை?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.

"ம்" என்றாள். போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு, வராமல் நின்றது. டயர் ரூமைத் திறந்ததும் ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. அளவுக்காரர் பழையபடி லுங்கியை மடித்துக் கட்டினார், முழங்காலில் சாக்கைச் சுற்றினார்.

"என்னன்னு சொல்லிக் கொடுக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

"ஸ்பெஷலா வந்திருக்குன்னு சொல்லலாம். மேல பேசி வாங்கினேன்னு. சந்தோஷமா வாங்கிட்டுப் போவாங்க."

அவள் அவரை நேராகப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, ஒரு காய்கறியில் புழு எங்கே என்று பார்க்கிற பார்வை. "கையை நீட்டுங்க."

நீட்டினார். சாக்கில் நீளமாக ஒரு துண்டு கிழித்து, கட்டைவிரலை உள்ளங்கையோடு மடக்கிச் சுற்றினாள். சுற்றி முடித்து, கோணி ஊசியால் நாலு தையல் போட்டாள்.

"இப்படி வெச்சுக்கிட்டு எப்படி அளக்கறது?"

"ரெண்டு கையாலயும் பிடிச்சு. குழந்தைங்க தண்ணி குடிக்கற மாதிரி."

"எல்லாரும் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும்."

வரிசையில் முதல் ஆள் பேக்கரிக்காரி. அரிசி என்ற சத்தம் கேட்டால் அவள் எப்போதும் முதல் ஆள். "என்ன அண்ணே, திடீர்னு அரிசி? அதுவும் அரை டின்?"

அவர் வாயைத் திறந்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

"உங்களோடதுதான். திங்கக்கிழமை விட்டுப்போனது."

"எங்க விட்டுப்போச்சு?"

மனைவி அவருடைய வலது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். "இங்க."

 சிரிப்பு முன்னாலிருந்து பின்னால் போனது. கடைசி ஆளுக்குப் போய்ச் சேர்வதற்குள் திட்டாக மாறியிருந்தது. "இருபத்தாறு வருஷத்துக்குச் சேர்த்து எப்பக் கொடுப்பீங்க அண்ணே?" "கட்டு கட்டினது போதாது அக்கா, வெட்டி விடணும்." "அவருக்குக் கைதட்டுங்கப்பா, போட்டோ எல்லாம் எடுத்தாங்களே!" ஒரு டெய்லர் வரிசையை விட்டு வெளியே வந்து துப்பினார், துப்பிவிட்டு, இடம் போய்விடுமோ என்று அவசரமாக வரிசைக்குத் திரும்பினார்.

அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை அத்தனை பேரும் அந்த விரலைப் பார்த்தார்கள். பதினாறு பேர் பெயர் ஒட்டப்பட்டபோது மற்ற முந்நூற்று எண்பத்து நாலு பேரும் தங்கள் நம்பர் அதில் இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இப்போது அரை டின்னுக்கு எல்லாருக்கும் நியாயம் பேச வந்தது.

டின்னை எவ்வளவு நிரப்பினால் பாதி என்று அளவுக்காரருக்குத் தெரியவில்லை. குறைவாக அளக்கத் தெரியும். பாதி அளக்கத் தெரியாது. மனைவிதான் காட்டினாள். நிரப்பி, அரிசி ஒரு பக்கம் விளிம்பைத் தொட, மறுபக்கம் டின்னின் அடி விளிம்பு தெரியும் வரை சாய்த்தால், நிற்பது சரிபாதி. எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் அவள் அதைச் செய்தாள். அவர் சாய்த்தார், சாக்குக் கட்டுக் கையை முட்டுக் கொடுத்து, வியர்வை மூக்கு நுனியில் தொங்க. அவள் ஒவ்வொரு டின்னையும் எட்டிப் பார்த்து, "ம்" என்றாள். அந்த "ம்" வராமல் எதுவும் பைக்குள் போகவில்லை. முதல் ஐம்பது பேருக்கே ஒரு மணி நேரம். அரிசி சிந்தியது. சிந்தியதைக் கூட்டி அள்ளித் திரும்ப மூட்டையில் போட்டாள். எண்ணிக்கை இரண்டு இடத்தில் தவறியது. அவருடைய குரலிலிருந்து அந்தச் சீர் போய்விட்டிருந்தது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. தகரக் கூரையில் பேச்சே கேட்கவில்லை. திட்டுவதில் பயனில்லை என்றதும் திட்டுவதை நிறுத்தினார்கள்.

நாலாவது மூட்டையை உதறியபோது வரிசையில் சரியாகப் பதினாறு பேர் இருந்தார்கள், கடைசியாக வந்து பதிந்தவர்கள். மகள் தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து மூட்டைக்கு முன் வைத்தாள். தூக்கியதில் மூச்சு வாங்கியது.

"இது நம்மளோடதுடி" என்றார் அவர்.

"அளங்கப்பா."

அளந்தார். பதினைந்து பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். பதினாறாவதாக மகளே பையை விரித்துப் பிடித்தாள். தன் அரிசியிலிருந்தே தனக்கு அரை டின். அவர் நிரப்பி, சாய்த்து, அடி விளிம்பு தெரிகிறதா என்று தானே குனிந்து பார்த்தார். மனைவி எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஒரு டின்னுக்கு மட்டும் அவள் "ம்" சொல்லவில்லை.

சனிக்கிழமை பாக்கெட் சார் வந்து காலி அறையைப் பார்த்தார். கூட்டிப் பெருக்கியிருந்தது. அவர் முகத்தில் ஒரு சின்ன வருத்தம் தெரிந்தது. "ஒரு மூட்டைகூட இல்லையா?"

"இல்ல சார்" என்றாள் மனைவி.

"ஒரு அரை மூட்டையாவது இருந்திருந்தா பார்க்க நல்லா இருந்திருக்கும்." கண்ணாடியில் ஒட்டிய தாளை அவரே கிழித்தார். அட்டைகள் பதினாறிலும் மறுபடி முத்திரை குத்தினார். பிறகு அளவுக்காரரிடம், "அடுத்த தடவை வேற ஆளைப் போட்டுக்கலாம் பெரியவரே. போன தடவை நல்லாப் பண்ணீங்க, இந்தத் தடவை கொஞ்சம் கை சறுக்கிடுச்சு" என்றார். கட்டைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு கையில?" என்று கேட்டார்.

"பழைய வியாதி சார்" என்றாள் மனைவி.

மகள் அட்டையை வாங்கிக் குழந்தையின் கைக்கு எட்டாமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அன்று முழுவதும் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மாலையில் பதினேழாம் நம்பரில் அடுப்புப் புகை எழுந்தது. மழையில் விறகு ஈரமாகி, எரிவதைவிடப் புகைவது அதிகம். போர்வைக்கு இந்தப் பக்கம் எனக்கும் கண் எரிந்தது. அளவுக்காரர் வேலை போன மனிதர் மாதிரி இல்லை. கொஞ்சம் தெளிந்திருந்தார்.

"பார்த்தியா?" என்றார். "கடைசி ஆள் வரைக்கும் சரியா வந்துச்சு. ஒரு அரிசி மிஞ்சல. நானூறு பேருக்கு இப்படி எவன் அளப்பான்?"

 உலை கொதிக்கும் சத்தம் கேட்டது.

"நான் வேணா அரிசி அளந்து போடட்டுமா?"

"வேணாம். நான் போட்டுட்டேன்."

 அவர் சாக்குத் தையலை இடது கையால் நெருடுவது கேட்டது. "விரல் மரத்துப் போச்சுடி. ரெண்டு நாளாச்சு. வேலையும் போயிடுச்சு. இனிமே என்ன? அவுத்துடட்டுமா?"

அவள் மூடியைத் திறந்து, வெந்துவிட்டதா என்று ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்திருக்க வேண்டும். மூடி திரும்ப விழும் சத்தம் கேட்டது.

"சாப்பிடறப்ப அவுத்து விடறேன்" என்றாள். "சாப்பிட்டதும் கையை நீட்டுங்க."